சிங்க் குழாய் இறுகினால் முதலில் யாரைக் கூப்பிடுவது?

வீட்டுக் குழாய், தொட்டி, மோட்டார் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, பாரிமுனைப் பக்கம் பல வருடம் சானிட்டரி கடை நடத்திய நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.

அக்கா, வணக்கம். எங்கள் வீடு மேடவாக்கத்தில், அபார்ட்மென்ட்டின் இரண்டாவது மாடி. சமையலறை சிங்க்கில், தலையை வெளியே இழுத்துப் பாத்திரம் கழுவுகிற ஸ்ப்ரே வைத்த மிக்ஸர் குழாய் போட்டு மூன்று வருடம் ஆகிறது. விலை 9,800 ரூபாய். ஏழு வருட வாரண்டி அட்டை இருக்கிறது. கொஞ்ச நாளாக ஸ்ப்ரே பட்டனை அழுத்தினால் உள்ளேயே நின்றுவிடுகிறது. குழாயை மூடித் திறந்தாலும் நேர் தண்ணீருக்குத் திரும்புவதில்லை, நகத்தால் நெம்ப வேண்டியிருக்கிறது. நான்கைந்து துளைகளில் தண்ணீர் கோணலாகப் பீய்ச்சி டைல்ஸ் மேல் அடிக்கிறது. கம்பெனியில் கேட்டால், "ஆள் வர 450 ரூபாய், வந்து பார்த்துத்தான் வாரண்டி உண்டா என்று சொல்வோம்" என்கிறார்கள். பிளம்பர், "தலையைப் பிரிச்சுப் பார்க்கிறேன், சரியாகலேன்னா வேற மாட்டிடலாம்" என்கிறார். மாமியார் வினிகரில் ஊறப்போடச் சொல்கிறார். நாம் கை வைத்தால் வாரண்டி போய்விடும், தொடாதே என்கிறார் வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?

– ஒரு வாசகி, மேடவாக்கம்

உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. ஆனால் வினிகர் பாட்டிலை எடுப்பதற்கு முன் செல்போனை எடுங்கள். பட்டன் உள்ளே நிற்பதையும் தண்ணீர் கோணலாக அடிப்பதையும் ஒரு நிமிட வீடியோ பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பில்லையும் வாரண்டி அட்டையையும் படம் எடுத்து வையுங்கள். கடை பில்லின் எழுத்து இரண்டு கோடையில் மங்கிவிடும், வெள்ளைத் தாளாகிப் போன பில்லை நீட்டிக்கொண்டு எங்கள் கவுன்டரில் நின்றவர்கள் நிறையப் பேர்.

அந்தத் தலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றது தானாக விளங்கும். பட்டனை அழுத்தும்போது உள்ளே ஒரு சின்னத் தண்டு நகர்ந்து, நேர் தண்ணீர் போகும் வழியை அடைத்து, ஸ்ப்ரே துளைகளுக்குத் திருப்பி விடுகிறது. விரலை எடுத்த பிறகும் அந்தத் தண்டைப் பிடித்து வைத்திருப்பது தண்ணீரின் அழுத்தம்தான். குழாயை மூடியதும் அழுத்தம் இறங்கும், ஸ்பிரிங் தண்டைத் தள்ளும், பட்டன் வெளியே வரும். இரண்டு பக்கமும் சாய்கிற பட்டன் வைத்த மாடல்களில் அமைப்பு வேறு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது அமுக்குப் பட்டன்.

அப்படியானால் உங்கள் வீட்டில் ஸ்பிரிங் தள்ளுகிறது, தண்டு நகர மாட்டேன் என்கிறது. தண்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையத்தில் உப்பு படிந்திருக்கிறது. துளைகள் கோணலாக அடிப்பதும் அதே உப்பினால்தான். இரண்டும் ஒன்றாகவே ஆரம்பித்திருக்கிறதே, அதனால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன். ஸ்பிரிங் ஒடிந்திருந்தால் பட்டன் மட்டும்தான் கெட்டிருக்கும், துளைகள் ஒழுங்காக இருக்கும்.

உங்கள் பக்கம் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்துதானே தொட்டிக்கு வருகிறது? இந்தியத் தர நிர்ணயத்தில் குடிநீரின் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்க அளவு, வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை விடலாம் என்று இருக்கிறது. போர் தண்ணீர் பல இடங்களில் இந்த 200-ஐச் சர்வசாதாரணமாகத் தாண்டும். தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் கால்சியம் வெள்ளையாகப் பிரிந்து படியும். சிங்க் குழாய்க்கு கீசர் லைனும் கொடுத்திருந்தால் உப்பு இன்னும் சீக்கிரம் கட்டும்.

சரி, வாரண்டி. இந்த உப்புப் படிவுக்கு அநேகமாக எந்த அட்டையிலும் வாரண்டி கிடையாது. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் பாருங்கள்: உற்பத்திக் குறைபாட்டுக்கு மட்டும் என்று போட்டிருக்கும். கடின நீர், மண், தவறான பொருத்தல், ஆசிட் இதெல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கும். அதோடு "ஏழு வருடம்" என்று முன்பக்கம் பெரிதாக இருப்பது பெரும்பாலும் பித்தளை உடம்புக்கும், கைப்பிடிக்கு அடியில் தண்ணீரைத் திறந்து மூடுகிற கார்ட்ரிட்ஜுக்கும்தான். ஸ்ப்ரே தலை, ஹோஸ், ரப்பர் சாமான், மேல்பூச்சு இவற்றுக்குத் தனித்தனியாகக் குறைந்த காலம் போட்டிருப்பார்கள். முன்பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கடையில் சண்டைக்கு வந்தவர்களுக்குப் பின்பக்கத்தைப் படித்துக் காட்டுவதே எனக்குப் பாதி வேலையாக இருந்தது. இப்போதே ஆளை வரவழைத்தால் 450 ரூபாய் வாங்கிக்கொண்டு, "உப்புத் தண்ணீர் மேடம், இதுக்கு வாரண்டி வராது" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொல்வதில் பொய்யும் இருக்காது.

அதனால் முதலில் கழுவிப் பாருங்கள். வீட்டுக்காரர் பயப்பட வேண்டாம். ஸ்ப்ரே தலையைக் கையால் திருகிக் கழற்றுவது பராமரிப்பு. இந்த மாதிரிக் குழாய்களோடு வரும் பல கையேடுகளிலேயே அதைச் செய்யச் சொல்லிப் படம் போட்டிருக்கும். உங்களுடையதையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். கையால் கழன்று வருவதெல்லாம் நம் பொறுப்பு. நெம்பினால்தான் திறக்கும் என்றால், அட்டை உயிரோடு இருக்கும்வரை அது கம்பெனி பொறுப்பு. கடையில் இருந்த காலம் முழுக்க நான் வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன கணக்கு இதுதான்.

குழாயை மூடிவிட்டு, தலையை வெளியே இழுத்து, ஹோஸின் முனையில் ஒரு துணி கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தலை கழன்றதும் ஹோஸ் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும், அப்புறம் சிங்க்குக்கு அடியில் படுத்துத் தேட வேண்டும். சிங்க் ஓட்டையை ஒரு தட்டால் மூடி வையுங்கள். தலையைத் திருகிக் கழற்றினால் உள்ளே ஒரு ரப்பர் வாஷர் இருக்கும், ஒரு வலை இருக்கலாம், விரல்நுனி அளவு பிளாஸ்டிக் வால்வு ஒன்றும் இருக்கலாம். அந்த வால்வு தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது. இவை எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று படம் எடுத்துக்கொண்டு பிறகு எடுங்கள்.

வெள்ளை வினிகர் பாதி, வெதுவெதுப்பான தண்ணீர் பாதி. ஒரு கிண்ணத்தில் ஊற்றித் தலையை முக்கி, அரை மணி நேரம் விட்டு, உள்ளேயே வைத்துப் பட்டனை இருபது முப்பது தடவை அமுக்கி விடுங்கள். வெள்ளைத் துகள் கழன்று மிதக்கும். போதாவிட்டால் புதுக் கலவையில் இன்னொரு அரை மணி. ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டாம், குரோம் பூச்சு மங்கும். வினிகர் இல்லாவிட்டால் மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் பொடி, அரை லிட்டர் வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். புளியும் வேலை செய்யும்தான், குத்துவிளக்கு பளபளப்பது அந்தப் புளிப்பினால்தானே. ஆனால் அதன் சக்கை போய்த் துளைகளில் உட்கார்ந்துகொள்ளும், வேண்டாம். துளைகளின் ரப்பர் முனைகளைக் கட்டைவிரலால் தேய்த்தாலே உப்பு உதிரும். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி, கோணல் நிரந்தரமாகிவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டை இதன் பக்கத்தில் கொண்டு வராதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். உப்பைக் கரைக்கும், கூடவே குரோமையும் உரித்து, பித்தளையையும் அரித்துவிடும். வினிகரோடு பிளீச்சிங் பவுடர் கலப்பதும் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். சமையலறைக் கதவை மூடிக்கொண்டு அந்த வேலை செய்தால் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

கழுவி மாட்டும்போது பட்டனின் ஓரத்தில் தேங்காய் எண்ணெய் விடத் தோன்றும். விடாதீர்கள். எண்ணெயும் வாஸ்லினும் சில வகை ரப்பரை ஊத வைத்துவிடும், ரெண்டு மாதத்தில் மறுபடி இறுகும். குழாய்க்கென்று சிலிகான் கிரீஸ் விற்கிறது, தொட்டு வைத்தால் போதும். மாட்டும்போது கை இறுக்கமே போதும். டெஃப்ளான் டேப்பும் வேண்டாம், அங்கே கசிவைத் தடுப்பது வாஷர்தான்.

இதற்கு அப்புறமும் பட்டன் உள்ளேயே நின்றால்? அப்போதுதான் வாரண்டி. துளைகள் எல்லாம் நேராக அடித்து, பட்டன் மட்டும் திரும்பாவிட்டால் அது ஸ்பிரிங் அல்லது தண்டின் பழுது. உப்பின் மேல் பழி போட அவர்களுக்கு இடம் குறையும். முதல் வீடியோவையும் கழுவிய பிறகு எடுத்த இன்னொன்றையும் அனுப்பி, "ஸ்ப்ரே தலையை மட்டும் மாற்றித் தாருங்கள், நாங்களே மாட்டிக்கொள்கிறோம்" என்று எழுத்தில் கேளுங்கள். ஈமெயிலோ வாட்ஸ்அப்போ, பதிவு இருக்க வேண்டும். கூரியரில் தலையை மட்டும் அனுப்பி வைக்கிற கம்பெனிகள் உண்டு, அப்படி வந்தால் ஆள் வரும் 450 ரூபாய் மிச்சம். ஆள்தான் வர வேண்டும் என்றால், வாரண்டிக்குள் வருகிற பழுது என்று முடிவானால் அந்தப் பணம் திரும்புமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிளம்பர் விஷயம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் தினமும் மாட்டுவது ஹெல்த் ஃபாசெட், அதன் தலை போனால் எந்தத் தெருக்கடையிலும் வேறு வாங்கி மாட்டிவிடலாம். அரை அங்குல மரை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். சிங்க் ஸ்ப்ரே தலை அப்படியில்லை. மரை ஒத்துப்போனாலும், குழாயின் வாயில் உட்கார வேண்டிய இடத்தின் வடிவம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேறு தலை மாட்டினால் தண்ணீர் வரும், ஆனால் தலை வாயில் நிற்காமல் தொங்கும். இன்னொன்று, அவர் கையில் இருப்பது பைப் ரிஞ்ச். அதன் பல் தடம் குரோமில் பதிந்துவிட்டால், கம்பெனி ஆள் வந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் "வெளியாள் கை வைச்சிருக்காங்க" என்பார். பிளம்பரைக் கடைசியாகக் கூப்பிடுங்கள். கம்பெனி கைவிரித்துவிட்டால் அவர் எப்படிப் பிரித்தாலும் நஷ்டமில்லை.

உங்களிடம் இருப்பது நிஜ பில்தானா என்றும் பாருங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம் என்று எஸ்டிமேட் சீட்டில் சாமான் வாங்குகிற பழக்கம் இந்த வியாபாரத்தில் பரவலாக உண்டு. அந்தச் சீட்டை எந்தக் கம்பெனியும் ஏற்காது. 9,800 ரூபாயில் அப்போது மிச்சம் பிடித்தது அன்றோடு சரி.

நியாயமான பழுதுக்கும் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள், பல கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் வருடச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒரு ஸ்ப்ரே தலைக்காக அவ்வளவு தூரம் போவீர்களா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. நான் போக மாட்டேன்.

எங்களுக்கு சிறுவாணித் தண்ணீர், உப்பு என்ற பேச்சே இல்லை. ஆனாலும் சிங்க் ஸ்ப்ரேயை இழுத்தால் பாதியில் சிக்குகிறது, விட்டால் உள்ளே போகாமல் தொங்குகிறது. எண்ணெய் போடலாமா? வாரண்டியில் வருமா?

– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோயம்புத்தூர்

ஐயா, நீங்கள் கொடுத்துவைத்தவர். எண்ணெயும் வேண்டாம், வாரண்டியும் வேண்டாம். சிங்க்குக்கு அடியில் உள்ள கதவைத் திறந்து, டார்ச் அடித்துக்கொண்டு, வீட்டில் யாரையாவது மேலே ஸ்ப்ரேயை இழுத்து விடச் சொல்லுங்கள். ஹோஸ் எதில் இடிக்கிறது என்று கண்ணால் தெரியும். குப்பைக் கூடை, ஆர்.ஓ. கழிவுக் குழாய், சுவரிலிருந்து வரும் தண்ணீரை அடைக்கிற ஆங்கிள் வால்வின் கைப்பிடி, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் அநேகமாக இருக்கும். ஹோஸில் ஒரு எடைக்கட்டி மாட்டியிருக்கும், அதன் பாரம்தான் ஸ்ப்ரேயை உள்ளே இழுக்கிறது. அது கீழே வழுக்கி இறங்கியிருந்தால் ஸ்ப்ரே பாதியில் நிற்கும், தரையில் போய் முட்டினாலும் இழுவிசை இருக்காது. திருகைத் தளர்த்தி, ஸ்ப்ரே உள்ளே உட்கார்ந்த நிலையில் ஹோஸ் வளைந்து தொங்குகிற இடத்துக்குச் சற்று மேலே மாட்டிப் பாருங்கள்.

ஹோஸே மடிந்து முறிந்திருந்தாலோ, பின்னல் பிரிந்து உப்பியிருந்தாலோ, அதற்கு வாரண்டி கேட்கலாம். உப்பிய ஹோஸை அப்படியே விட்டுவிட்டு ஊருக்கு மட்டும் போகாதீர்கள், வெடித்தால் கீழ்வீடு வரை நனையும். ஆங்கிள் வால்வை அடைத்துவிட்டுப் போங்கள்.

அக்கா, புது வீடு, புதுக் குழாய். ஸ்ப்ரே பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஸ்ப்ரே வருகிறது, விட்டதும் நேர் தண்ணீராகிவிடுகிறது. கம்பெனி ஆள் வந்து, "குழாய் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏமாற்றுகிறார்களா?

– ஒரு வாசகர், மதுரை

தம்பி, உங்கள் தொட்டி சமையலறைக்கு நேர் மேலே மொட்டை மாடியில்தானே இருக்கிறது? அப்படியென்றால் அவர் சொன்னது உண்மை. மேலே மேடவாக்கத்துச் சகோதரிக்குச் சொன்னதைப் படியுங்கள்: விட்ட பிறகு பட்டனைப் பிடித்து வைத்திருப்பது தண்ணீரின் அழுத்தம். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீருக்குத்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். தொட்டி மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 0.3, 0.4 பார். இந்த வகைக் குழாய்கள் அதைவிட நல்ல அழுத்தம் உள்ள வீடுகளை நினைத்துச் செய்தவை. குழாய் வாங்கும்போது அட்டைப் பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று போட்டிருக்கும், கடைக்காரரும் சொல்லியிருக்க வேண்டும். பல பேர் சொல்வதில்லை.

வலையில் மண்ணோ டெஃப்ளான் துணுக்கோ சிக்கியிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள், புது வீட்டில் இது சகஜம். அது சுத்தமாக இருந்தால், ஒன்று பிரஷர் பம்ப் வைக்க வேண்டும், அல்லது சாயும் பட்டன் உள்ள மாடலாக மாற்ற வேண்டும். சிங்க்குக்காக மட்டும் பம்ப் வைப்பது வீண் செலவு. குளியலறை ஷவரும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது என்றால் யோசிக்கலாம்.

வாடகை வீடு. சிங்க் ஸ்ப்ரேயின் தலை வெடித்து ஒழுகுகிறது. வீட்டுக்காரம்மா வாங்கிய குழாய், பில் அவர் பெயரில், வாரண்டி இன்னும் இருக்கிறதாம். "நீங்களே கம்பெனியிடம் பேசிக்கோங்க" என்கிறார். நான் கேட்டால் தருவார்களா?

– ஒரு வாசகி, தாம்பரம்

கேட்கலாம். அட்டையில் "முதலில் வாங்கியவருக்கு மட்டும்" என்று இருந்தால், புகாரை வீட்டுக்காரம்மா பெயரிலேயே பதிவு செய்து, பேச வேண்டிய எண்ணாக உங்கள் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். சிக்கல் தீர்ந்தது. பில்லையும் அட்டையையும் அவரை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நுகர்வோர் சட்டத்திலும், வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று இருக்கிறது, அதனால் கூச்சப்பட வேண்டாம்.

வெடித்த தலையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மாற்றிக் கொடுக்கும்போது பழையதைத் திருப்பிக் கேட்பார்கள். புதியது வரும்வரை ஹோஸ் முனையை மடக்கிக் கட்டி வைக்காமல், சிங்க்குக்கு அடியில் உள்ள இரண்டு ஆங்கிள் வால்வையும் அடைத்துவிட்டுப் பக்கெட் தண்ணீரில் பாத்திரம் கழுவிக்கொள்ளுங்கள். ஆள் வர ஆகும் செலவை யார் தருவது என்பதை வீட்டுக்காரம்மாவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். குழாய் அவருடையது, கொடுக்க வேண்டியவரும் அவர்தான் என்பது என் கருத்து.